பாதிக் கதை மூட்டும் தீ: சண்டை, சமரசம், செய்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் செய்தி மொழிபெயர்ப்பில் கழித்தவள் நான். வாசகர் வட்டத்தில், கல்யாண வீட்டில், சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது என்று எங்கே போனாலும், "இந்தப் பத்திரிகைக்காரர்கள்தானே எல்லாச் சண்டைக்கும் காரணம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஒற்றை வரியில் பதில் சொல்லி நகர முடியாத கேள்வி அது. அதனால் இத்தனை நாளாக என்னிடம் கேட்கப்பட்டவற்றை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஊடகம் சண்டையை மூட்டுகிறதா, தணிக்கிறதா?

இரண்டையும் செய்கிறது. ஊடகம் கெடுக்கிறது என்றதும் எல்லாரும் பொய்ச்செய்தியைத்தான் நினைக்கிறார்கள். நான் படித்த வரையில், பார்த்த வரையில், அதைவிட அதிகம் கெடுத்தது பாதிக் கதை. நடந்தது உண்மையாக இருக்கும், எடுத்த படமும் உண்மையாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது மட்டும் விடுபட்டிருக்கும். பொய் என்றால் மறுத்துவிடலாம். பாதி உண்மையை மறுக்கப் போனால், "அப்படியானால் அது நடக்கவே இல்லையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நடந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். கீழே வரும் கதைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

படம் உண்மை என்றால் அதை வெளியிடுவதில் என்ன தவறு?

மரியா ஹெர்டோ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் மக்கள் அவளை நத்ரா என்று அழைத்தார்கள். ஜாவாவில் டச்சுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள். 1942இல், ஜப்பானியர் வந்த காலத்தில், சே அமினா என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்து முஸ்லிமாக வளர்ந்தாள். போர் முடிந்த பிறகு பெற்றோர் மகளைத் திரும்பக் கேட்டார்கள். வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கின் நடுவிலேயே, 13 வயதில், அவளுக்குத் திருமணமும் நடந்தது. அந்தத் திருமணம் செல்லாது, பெண்ணைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1950 டிசம்பர் 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு விசாரணைக்கு வரும்வரை அவளைத் தாம்சன் சாலையில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கன்னிமடத்தில் தங்கவைத்தார்கள்.

செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் மடத்துக்குப் போனார்கள். கன்னிகாஸ்திரியின் கையைப் பிடித்தபடி அவள் நிற்கும் படமும், மாதா சிலைக்கு முன் மண்டியிட்டிருக்கும் படமும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்தன. மலாய்ப் பத்திரிகைகளில் அவள் அழும் படங்கள் வந்தன. இந்திய முஸ்லிம் தலைவர் கரீம் கனி நடத்திய 'டான்' இதழ் இதை ஒரு மார்க்கப் பிரச்சினையாகவே எழுதியது. டிசம்பர் 11ஆம் தேதி மேல்முறையீட்டு நாளில் பாடாங் அருகே நீதிமன்றத்தின் முன்னால் கூட்டம் திரண்டது. அன்று தொடங்கிய கலவரம் 13ஆம் தேதி வரை நீடித்தது. 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். ஐரோப்பியர் என்று தோற்றத்தில் தெரிந்தவர்களெல்லாம் தெருவில் தாக்கப்பட்டார்கள்.

அந்தப் படங்களில் ஒன்றுகூட ஒட்டுவேலை கிடையாது. ஆனால் ஆங்கிலம் படித்தவர், அவள் அமைதியாக மண்டியிட்டிருப்பதை மட்டும் பார்த்தார். ஜாவி எழுத்தில் மலாய்ப் பத்திரிகை படித்தவர், அவள் அழுவதை மட்டும் பார்த்தார். பெண் ஒருத்திதான், மடமும் ஒன்றுதான், எல்லாம் ஒரே வாரத்தில் எடுத்தவை. இரண்டு பத்திரிகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நான்கு மொழிகளில் செய்தி படிக்கும் ஊர் இது. நமக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

1964 கலவரத்திலும் பத்திரிகைகளுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் அரசியலுக்கு அடுத்தபடியாகத்தான். ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அதற்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூர் மலாய்க்காரர்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்ற செய்திகள் 'உத்துசான் மெலாயு' என்ற மலாய் நாளிதழில் தொடர்ந்து வந்தன. அம்னோ என்ற மலாய்க் கட்சியின் தலைவர்களுடைய மேடைப் பேச்சுகளையும் அந்தச் செய்திகளையும் சிங்கப்பூர் அரசாங்கம் நேரடியாகக் குற்றம்சாட்டியது. அப்போது மத்திய அரசாங்கம் இருந்த கோலாலம்பூரில் வேறு காரணங்கள் சொன்னார்கள். ஜூலையில் 23 பேரும் செப்டம்பரில் 13 பேரும் உயிரிழந்தார்கள்.

இதே கதையில் ஊடகத்தின் மறுபக்கமும் உண்டு. அன்றிரவே பிரதமர் லீ குவான் இயூ வானொலியில் மக்களிடம் பேசினார். தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஊரடங்கு நேரத்தில் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவை அடைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு வானொலிதான் ஜன்னல். அந்த ஜன்னலும் மூடியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் செய்தி.

தமிழ்ப் பத்திரிகைகள் என்ன செய்தன?

கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியபோது அவர் முன்னால் இருந்தது தமிழர்களுக்குள்ளேயே இருந்த சண்டை. சாதி, ஊர், மதம் என்று பிரிந்து கிடந்தார்கள். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வேலையும் பத்திரிகையின் வேலையும் ஒன்றாகவே நடந்தன. 1952இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் தொடங்கியபோது, இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பாராமல் எல்லாத் தமிழர்களும் ஒரே மேடைக்கு வரவேண்டும் என்பதே நோக்கம். பிறகு, குடியுரிமைக்குப் பதிவு செய்யுங்கள் என்று பத்திரிகை ஓயாமல் வற்புறுத்தியது. இங்கே இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று தடுமாறியவர்களில் பலர் அதைப் படித்துத்தான் முடிவெடுத்தார்கள்.

இதைச் சமரசப் பணி என்று அன்று யாரும் சொல்லவில்லை. என் கணக்கில் அது சமரசப் பணியேதான். கலவரம் வந்த பிறகு அமைதி காக்கச் சொல்வது எளிது. வருவதற்கு முன்பே, பத்து வருடமாக, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடலாம் என்று எழுதிக்கொண்டிருப்பதற்கு வேறு பொறுமை வேண்டும்.

அந்தக் 'கறி விவகாரம்' என்ன?

இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 2011 ஆகஸ்ட் மாதம் 'டுடே' நாளிதழில் சமூக மத்தியஸ்த நிலையத்தின் பணியைப் பற்றி ஒரு செய்தி வந்தது. 1998 முதல் இயங்கிவரும் நிலையம் அது. அண்டை வீட்டார் வழக்கு மன்றம் என்று போகாமல், பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் நடுவில் இருக்க, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம். அங்கே வந்த ஒரு வழக்கை உதாரணமாகச் சொல்லியிருந்தார்கள். சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை. இந்தியக் குடும்பம் ஏற்கெனவே கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சமைத்தது. பேச்சின் முடிவில், சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, எங்கள் கறியை நீங்கள் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டது.

இந்த ஒரு பத்தி ஊரையே கொதிக்க வைத்தது. "நம் ஊரில் நாம் கறி சமைக்கக் கூடாதா?" என்று எல்லா இனத்தவரும் கேட்டார்கள். ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஒரு பானை கறி சமையுங்கள் என்று ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு வந்தது. 50,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். சீனர், மலாய்க்காரர், யூரேசியர் எல்லாரும் அன்று கறி வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்த நாள் உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது.

அதே சமயம், சீனாவிலிருந்து வந்தவர்கள் மேல் பொழியப்பட்ட வசவுகளைப் படித்தபோது வயிறு கலங்கியது. அந்த வழக்கு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. மத்தியஸ்தர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த முடிவுக்கு இரண்டு வீட்டாரும் தாங்களாகவே வந்தார்கள். அதாவது, எப்போதோ தீர்ந்துபோன ஒரு பிரச்சினை. இரு வீட்டாருக்கும் சரி என்று பட்ட ஏற்பாடு. நாளிதழில் சில வரிகளாகச் சுருங்கி வந்தபோது, அது இந்தியருக்கு எதிரான தீர்ப்பு மாதிரி தெரிந்தது. "சாப்பிட்டுப் பாருங்கள்" என்ற அந்தப் பாதிதான் கதையின் இதயம். அதைப் பற்றி யாருமே பேசவில்லை.

அப்படியானால் சமரசப் பேச்சுகளைப் பற்றி எழுதவே கூடாதா?

எழுத வேண்டும், ஆனால் அவசரப்பட்டு எழுதக் கூடாது. சமரச அறையில் சொல்லப்படுவது ரகசியம். ரகசியமாக இருப்பதால்தான் ஒருவர், "சரி, நானும் கொஞ்சம் கத்தினேன்" என்று ஒப்புக்கொள்கிறார். செய்திக்கு வேண்டியதோ பெயர், படம், யார் வென்றார் என்ற முடிவு. இரண்டு தொழிலும் அங்கேதான் உரசுகின்றன. முடிவை மட்டும் எழுதினால் ஒருவர் தோற்ற மாதிரி இருக்கும். எப்படிப் பேசி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று எழுத இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரை காத்திருப்பது நல்லது.

2015 தைப்பூசத்தில் நடந்தது என்ன?

இது பாதிக் கதையில் ஒரு பொய்யைச் செருகிய வகை. அந்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசித்தவர்களுக்கும் காவல்துறையினருக்கும் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. அது உண்மை. ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்க 1973 முதல் இருந்த தடை நம்மவர்களுக்கு நெடுநாள் மனக்குறை. அதுவும் உண்மை. 'தி ரியல் சிங்கப்பூர்' என்ற இணையத்தளம் இதோடு, ஒரு பிலிப்பினோ குடும்பம் சத்தம் தாங்காமல் புகார் செய்ததால்தான் எல்லாம் நடந்தது என்று சேர்த்து எழுதியது. அப்படி ஒரு புகாரே இல்லை.

அந்த ஒரு வரியால், அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய ஒரு நியாயமான கேள்வி பிலிப்பினோக்களுக்கு எதிரான கோபமாகத் திரும்பியது. தளத்தின் உரிமம் 2015 மே மாதம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அதை நடத்திய இருவருக்கு 10 மாதம், 8 மாதம் என்று சிறை. மேளத் தடை எப்படித் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்து அமைப்புகள் பொறுமையாகப் பேசிப் பேசி, 2016இல் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. 2019இல் தாளக்கருவிகளுக்கும் இடம் கிடைத்தது. இந்தப் பகுதி அந்தப் பொய்ச்செய்தியில் பத்தில் ஒரு பங்குகூடப் பகிரப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

லிட்டில் இந்தியா கலவரத்தில் வதந்திக்குப் பங்கு இருந்ததா?

இருந்தது. அந்த வதந்தி ஃபோனில் வரவில்லை, கண்ணெதிரே உருவானது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் வெளிநாட்டு ஊழியர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி 33 வயது இந்திய ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். கூட்டம் கூடியது. மருத்துவ உதவியாளர்கள் வந்து பார்த்து, அவர் இறந்துவிட்டார் என்று உறுதிசெய்தார்கள். கல்வீச்சுக்கு நடுவே பேருந்தின் ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் ஆம்புலன்சில் ஏற்றிப் பாதுகாத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? நம்ம ஆளை அப்படியே கிடக்க விட்டுவிட்டு, அவர்களை மட்டும் காப்பாற்றுகிறார்கள் என்றுதான் தெரிந்தது. அவர் இறந்துவிட்டார் என்று கூட்டத்துக்குத் தமிழில் உரக்கச் சொல்ல அந்த நிமிடத்தில் யாராவது இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வருகிறது.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் தந்த அறிக்கையிலும் இந்தத் தவறான புரிதல் ஒரு காரணமாகவும், மது இன்னொரு காரணமாகவும் சொல்லப்பட்டது. வேலையிடக் குறைகள் கலவரத்துக்குக் காரணமில்லை என்று குழு முடிவுசெய்தது. ஊழியர்களுக்காகக் குரல் கொடுப்பவர்களில் சிலர் அந்த முடிவை ஏற்கவில்லை. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கலவரத்துக்கு மறுநாள் இணையத்தில் வந்த சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே இரவில், இங்கே கட்டடம் கட்டும் அத்தனை பேரும் கலவரக்காரர்கள் ஆனார்கள். அந்த முதல் சில நாள்களில் ஊழியர்கள் பேசிய செய்திகளைவிட ஊழியர்களைப் பற்றிப் பேசிய செய்திகளே அதிகம். இறந்தவரும் ஒரு வீட்டின் பிள்ளை என்பது பல பேருக்குச் சில நாள் கழித்து, அவர் குடும்பத்தைப் பற்றிய செய்திகள் வந்த பிறகுதான் உறைத்தது.

உலகத்தில் ஊடகம் மிக மோசமாக நடந்துகொண்டது எங்கே?

ருவாண்டா என்று தயங்காமல் சொல்வேன். 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று பாட்டோடும் பேச்சோடும் சொல்லிப் பழக்கியது. 1994இல் சுமார் 100 நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றும் அறிவித்தது. 2003இல் அனைத்துலகத் தீர்ப்பாயம் ஊடகக்காரர்களையே இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

நமக்குப் பக்கத்தில் என்றால், இலங்கை அம்பாறையில் 2018 பிப்ரவரியில் நடந்தது. ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கிடந்த மாவுக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடைக்காரரை மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்த காணொளி ஃபேஸ்புக்கில் பரவியது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. அடுத்த சில நாள்களில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்க வேண்டியதாயிற்று. 2020இல் ஃபேஸ்புக் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்துப் புரிந்துகொள்ளப் போதிய ஆட்கள் அவர்களிடம் அப்போது இல்லை. மொழிபெயர்ப்பாளராக என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத விஷயம் இது.

இலங்கைப் போர் பற்றி எந்தச் செய்தியை நம்புவது என்று அப்போது தெரியவில்லையே, ஏன்?

உள்ளே போய்ப் பார்க்கச் சுயேச்சையான செய்தியாளர்களை விடவில்லை. 2009இல் வன்னியில் கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்பதற்கு, அரசாங்கம் ஒன்று சொன்னது, புலிகள் தரப்பு ஒன்று சொன்னது. இங்கே உறவினர்கள் தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தார்கள். பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த தரப்புகள் மதிப்பிடுவதாக ஐ.நா. நிபுணர் குழு 2011இல்தான் சொன்னது. இலங்கை அரசாங்கம் அதை ஏற்கவில்லை. சாட்சி இல்லாமல் நடக்கும் போரில், பிறகு எண்ணிக்கைகூடச் சண்டைக்குரியதாகிவிடுகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

ஊடகம் ஒரு சண்டையைத் தீர்த்துவைத்த கதை ஏதாவது உண்டா?

உண்டு. 1977 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி செய்தியாளர் வால்டர் குரோங்கைட், எகிப்து அதிபர் சதாத்திடம் ஜெருசலேம் போவீர்களா என்று கேட்டார். அழைப்பு வந்தால் போவேன் என்றார் அவர். இஸ்ரேல் பிரதமர் பெகினிடம் அதே நாளில் கேட்டார். அழைப்பேன் என்றார் இவர். சில நாள்களில் சதாத் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். திரைமறைவில் தூதர்கள் ஏற்கெனவே பேசியிருந்தார்கள். ஆனாலும் இருவரும் ஊரறியச் சொல்ல வைத்தது அந்தக் கேள்விதான்.

நம் ஊரில் 2018 ஜூன் 12 டிரம்ப் - கிம் சந்திப்பு நடந்தபோது 2,500க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் வந்தார்கள். கைகுலுக்கலை எல்லாரும் காட்டினார்கள். கையெழுத்தான தாளில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைப் பொறுமையாக விளக்கியவர்கள் குறைவு. அதனால் அதை நான் தீர்த்துவைத்த கணக்கில் சேர்க்கவில்லை.

'சமாதான இதழியல்' என்கிறார்களே?

நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் முன்வைத்த கருத்து. போரைப் பந்தாட்டம் போல, யார் எத்தனை கோல் என்று எழுதாதீர்கள் என்றார். மருத்துவச் செய்தி மாதிரி எழுதுங்கள்: நோய் என்ன, எதனால் வந்தது, எப்படித் தீரும், எப்படித் தடுக்கலாம். இரு தரப்புத் தலைவர்களை மட்டும் கேட்காமல், நடுவில் மாட்டிக்கொண்டவர்களையும் கேளுங்கள். தன் தரப்பு செய்த தவற்றையும் எழுதுங்கள். இது சார்பு எடுப்பது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது முழுக்கதை சொல்வதாகவே படுகிறது.

குற்றம் செய்தவரின் இனத்தையோ நாட்டையோ செய்தியில் சொல்லலாமா?

சம்பவத்தைப் புரிந்துகொள்ள அது தேவை என்றால் சொல்லலாம். தேவை இல்லையென்றால் வேண்டாம். 2021 மே மாதத்தில் பி.1.617 என்ற கொரோனா கிருமி வகையை எல்லாரும் 'இந்திய வகை' என்றே எழுதினோம், நானும் எழுதினேன். அதே மாதம் சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த ஓர் இந்தியப் பெண்மணி இன ரீதியாக ஏசப்பட்டுத் தாக்கப்பட்டார். ஒரு பெயரும் ஓர் உதையும் நேராக முடிச்சிடக்கூடியவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மே 31ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் 'டெல்டா' என்று பெயர் வைத்தபோது எனக்கு மூச்சு வந்தது.

பொஃப்மா சட்டம் இருக்கிறதே, அது போதாதா?

2019இல் வந்த பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டத்தைத்தான் பொஃப்மா என்கிறோம். பொய்யான தகவல் பொதுநலனைப் பாதித்தால், அதன் கீழே திருத்தம் போடச் சொல்லி அமைச்சர் உத்தரவிடலாம். 2021 மே மாதம், சிங்கப்பூரில் குழந்தைகளைத் தாக்கும் புதிய வகைக் கிருமி வந்திருக்கிறது என்று அப்போதைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் எழுதியபோது இது உதவியது. அப்படி ஒரு 'சிங்கப்பூர் வகை' இல்லை என்ற திருத்தம் இங்குள்ள ஃபேஸ்புக், டுவிட்டர் பயனாளர்களுக்குப் போனது. இந்திய வெளியுறவு அமைச்சரும் உடனே மறுத்தார், இரு நாட்டு உறவு தப்பியது.

எது பொய் என்று முதலில் முடிவுசெய்வது நீதிமன்றமா, அமைச்சரா என்ற விமர்சனமும் நியாயமானதே. முறையீடு செய்ய வழி உண்டு என்றாலும், செய்தியாளர் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார். இன்னொன்று: இந்தச் சட்டம் பொய்யைப் பிடிக்கும், பாதிக் கதையைப் பிடிக்காது. 2011இல் பொஃப்மா இருந்திருந்தாலும் கறிச் செய்தியில் அதற்கு வேலை இருந்திருக்காது.

இனம், மதம் பற்றிப் பேசாமலே இருந்தால் நிம்மதிதானே?

1969 மே 13 இனக் கலவரத்தின்போது மலேசியாவில் செய்தித்தாள்களைச் சில நாள் நிறுத்தினார்கள். வதந்திகள் பாலம் தாண்டி வந்தன. மே மாத இறுதியில் இங்கேயும் மோதல் தொடங்கி 4 பேர் இறந்தார்கள். பேசாமல் இருந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

வாட்ஸ்அப்பில் கோபமூட்டும் படம் வந்தால் நான் என்ன செய்வது?

நான் செய்த தவற்றையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தீபாவளிக்குத் தாழ்வாரத்தில் போட்டிருந்த கோலம் தண்ணீரில் கரைந்து ஓடியிருந்தது. கீழே, "பக்கத்து வீட்டு ஆள் வேண்டுமென்றே செய்தது" என்று ஒரு வரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யோசிக்காமல் குடும்பக் குழுவுக்கும் தோழிகள் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். மாலையில் கீழ்த்தளத்தில் துப்புரவு செய்யும் அண்ணனைப் பார்த்தேன். பங்ளாதேஷிலிருந்து வந்தவர். மாதம் ஒருமுறை தாழ்வாரம் கழுவும் நாள் அது. கோலத்தைக் கழுவியது அவர்தான். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. சொன்னதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

உடனே மூன்று குழுவிலும் திருத்தம் எழுதினேன். குற்றம்சாட்டப்பட்ட பக்கத்து வீட்டு அங்கிளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பல மாதம் கழித்து அதே படம் ஜோகூரில் இருக்கும் என் சித்தி மூலம் எனக்கே திரும்பி வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது. என் திருத்தம் அதோடு வரவில்லை.

அதனால் இப்போது நான் செய்வது இது. கோபம் வருகிற படம் என்றால் ஒரு மணி நேரம் யாருக்கும் அனுப்புவதில்லை. எடுத்தவர் யார், இதற்கு முன் என்ன நடந்தது என்று அனுப்பியவரைக் கேட்பேன். "தெரியாது, எனக்கும் வந்தது" என்றால் என்னோடு நின்றுவிடும். முடிந்தால், படத்தில் இருக்கும் இடத்துக்கே போய் ஒருவரைக் கேட்பேன். தப்பாக அனுப்பிவிட்டேன் என்று பிறகு தெரிந்தால், திருத்தத்தைத் தனிச் செய்தியாக எழுதுவதில்லை. அதே படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். படம் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும்.